காவிரியின் பெரிய கெண்டையைக் காப்பாற்றுவோம்

டி.ஏ.பி. உர மூட்டையை வண்டியிலிருந்து இறக்கித் தோளில் சுமந்த விவசாயிகளுக்கு 50 கிலோ என்றால் என்ன கனம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மூட்டையைவிட 4 கிலோ கூடுதலான கெண்டை மீன் ஒன்று காவிரியின் கிளையாற்றில், அதுவும் தூண்டிலில், பிடிபட்டது என்றால் நம்புவது சற்றுச் சிரமமாக இருக்கும். ஆனால் இது நடந்தது. 1946-ஆம் ஆண்டு மைசூர்ப் பக்கம் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்த அந்த மீனின் எடை 120 ராத்தல். கிலோ கணக்கில் 54.

அந்த மீன் இனம் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-ஆம் ஆண்டு இதனை 'மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம்' என்ற பட்டியலில் சேர்த்தது. காட்டில் முற்றிலும் அழிந்துபோவதற்கு முந்தைய படி அது. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும், வேறு எந்த ஆற்றிலும் இம்மீன் இல்லை. காவிரியிலும் அதில் வந்து சேரும் ஆறுகளிலும் மட்டுமே உண்டு. ஆகவே இங்கே போனால் எங்கும் போனதுதான்.

இது எப்படி நேர்ந்தது, ஆற்றங்கரையில் நிலம் வைத்திருக்கும் நாம் இதில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

எப்படி இருக்கும்?

வடநாட்டுப் பெயரை ஒட்டி இந்த வகை மீன்களை 'மகசீர்' என்று சொல்கிறார்கள். பழைய மீன் நூல்களில் 'பூமீன் கெண்டை' என்ற தமிழ்ப் பெயரும் பதிவாகியிருக்கிறது. காவிரிக்கே உரிய இந்த இனத்தில், வளர்ந்த மீனுக்குத் தலைக்குப் பின்னால் முதுகு தூக்கிக் கூன் விழுந்ததுபோல் இருக்கும். அதனால் இதற்குக் கூன்முதுகு மகசீர் என்று பெயர். துடுப்புகளும் வாலும் செம்மஞ்சள் நிறம். செதில் மிகப் பெரியது. வாயோரத்தில் இரண்டு ஜோடி மீசை உண்டு.

தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் வலுவான பற்களால் நத்தை, நண்டு ஓடுகளையும் கொட்டைகளையும் நொறுக்கித் தின்னும். பூச்சி, சிறு மீன், பாசி எதையும் விடாது. கரையோர மரங்களிலிருந்து ஆற்றில் விழும் அத்திப்பழம் போன்ற பழங்களும் அதற்கு உணவு.

இதன் குணத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, இது ஓடும் நீரின் மீன். குளம் குட்டைகளில் கட்லா, ரோகு வளர்வதுபோல் தேங்கிய நீரில் இது இனம் பெருக்காது. பிராணவாயு நிறைந்த, கற்களில் மோதி ஓடும் நீர் வேண்டும். இரண்டாவது, மழைக்காலத்தில் புதுவெள்ளம் வரும்போது எதிர்நீச்சல் போட்டு மேலே போய்க் கூழாங்கல் படுகையில் முட்டையிடும். மூன்றாவது, முட்டை குறைவு. ரோகு மீன் தன் எடையில் கிலோவுக்கு 2 லட்சம் முட்டை அளவுக்கு இடக்கூடியது. மகசீர் இடுவது கிலோவுக்குச் சில ஆயிரம் மட்டுமே. பருவத்துக்கு வரவும் நாள் எடுத்துக்கொள்ளும். எனவே ஒரு பெரிய தாய் மீனை இழந்தால் அந்த இடத்தை இன்னொன்று நிரப்பப் பல ஆண்டுகள் ஆகும்.

பெயர் வைக்கவே தாமதம்

இவ்வளவு பெயர் பெற்ற மீனுக்கு 2018 வரை அறிவியல் பெயர் எது என்று உறுதியாகவில்லை என்பது வியப்பான செய்தி. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து தூண்டில்காரர்கள் இதைத் தேடி வந்திருக்கிறார்கள். படம் எடுத்திருக்கிறார்கள். எடை குறித்திருக்கிறார்கள். ஆனால் இது எந்த இனம் என்று யாரும் முறையாகச் சோதித்து முடிவு சொல்லவில்லை.

இதற்கிடையில் கேரளத்தில் மறையூர்ப் பக்கம் பாம்பாற்றில் கிடைத்த சிறு மகசீர்களைக் கொண்டு ஒரு புது இனத்தை விஞ்ஞானிகள் அறிவித்திருந்தார்கள். பாம்பாறு நமக்கு அயலான ஆறு அன்று. கேரளத்தில் பிறந்தாலும் கிழக்கு நோக்கி ஓடி, நம் அமராவதி அணைக்கு வந்து சேரும் ஆறு. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் நன்னீர் மீன்களை ஆராய்ந்த கே. ரமாதேவி அம்மையாரின் பெயரால் அந்த மீனுக்கு 'டார் ரமாதேவி' என்று பெயர் சூட்டினார்கள்.

பின்னர் ஓர் ஆய்வுக் குழு மாயாற்றில் கூன்முதுகு மகசீர்களைப் பிடித்து, அவற்றின் உடல் அளவுகளையும் மரபணுவையும் சோதித்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் அக்குழுவில் இருந்தார். பாம்பாற்றில் குட்டியாகப் பார்த்ததும், காவிரியில் கூன் விழுந்த பெரிய மீனாகப் பார்த்ததும் ஒரே இனம்தான் என்று 2018-இல் அக்குழு அறிவித்தது.

பெயர் இல்லாததால் என்ன நட்டம் என்று கேட்கலாம். பட்டா இல்லாத நிலத்துக்கு என்ன நட்டமோ அதேதான். இன்ன இனம் என்று பதிவாகாத ஒன்று அழிந்துகொண்டிருக்கிறது என்று எந்தப் பட்டியலிலும் ஏற்ற முடியாது. பெயர் உறுதியான அதே 2018-இல்தான் அதன் ஆபத்து நிலையும் பட்டியலில் ஏறியது.

நல்லெண்ணத்தில் நடந்த தவறு

காவிரியில் மகசீர் குறைந்து வருகிறது என்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு வழியும் கிடைத்தது. மராட்டிய மாநிலம் லோனாவாலாவில் டாடா மின்சாரக் கம்பெனிகளின் மீன் பண்ணையில் மகசீருக்குச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அது பெரிய சாதனைதான். அங்கிருந்து வந்த குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன.

அவை வேறு இனம். நீலத்துடுப்பு மகசீர் என்று பெயர். கிருஷ்ணா நதியின் நீர்ப்பகுதிக்கு உரியவை. 'மகசீர் எல்லாம் மகசீர்தானே' என்ற எண்ணத்தில் அவற்றை விட்டார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. காவிரியில் இருப்பது தனி இனம் என்று அப்போது யாரும் உறுதி செய்திருக்கவில்லை.

புது மீன் காவிரியில் நன்றாகப் பெருகியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆற்றில் மகசீர் நிறைய இருக்கிறது என்றே கணக்குக் காட்டியது. உள்ளே நடந்தது என்ன என்பதை ஒரு பழைய பதிவேடு பின்னால் வெளிப்படுத்தியது.

பதிவேடு சொன்ன செய்தி

கர்நாடகத்தில் சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே, மேகதாதுவுக்கு மேலே, காட்டுக்குள் காலிபோரே என்ற இடம் உள்ளது. அங்கே காவிரிக் கரையில் தூண்டில்காரர்களுக்கு ஒரு முகாம் இருந்தது. பிடித்த மீனை எடை போட்டு, உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. பிடித்த ஒவ்வொரு மீனையும் நோட்டில் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரை அப்படிப் பதிவானவை 6,000-க்கும் மேற்பட்ட மகசீர்கள். மிகப் பெரியது 46 கிலோவுக்கும் மேல்.

அந்தக் கணக்கை விஞ்ஞானிகள் இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நீலத்துடுப்பு மகசீர் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. கூன்முதுகு மகசீர் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பிடிபட்ட ஒவ்வொன்றின் எடையும் கூடியிருந்தது.

எடை கூடியது நல்ல செய்தி என்று தோன்றும். தென்னந்தோப்பு வைத்திருப்பவர் யோசித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். தோப்பில் எல்லாம் உயர்ந்த பெரிய மரங்கள். இடையில் ஒரு கன்றுகூட இல்லை. பார்ப்பதற்குத் தோப்பு கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்தத் தோப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. காவிரியிலும் அதுதான் நிலைமை. பழைய கிழ மீன்கள் இருந்தன, குட்டிகள் வரவில்லை. புதுத் தலைமுறை நின்றுவிட்டது.

வந்த மீன் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. அணைகள் மேலேறும் வழியை அடைத்தன. மேட்டூர் அணை 1934-லும் பவானிசாகர் அணை 1955-லும் கட்டி முடிக்கப்பட்டன. அவை இல்லாமல் நமக்குச் சாகுபடி இல்லை என்பதும் உண்மை. மணல் அள்ளுவது, வெடி போடுவது, ஆலைக் கழிவு, நகரச் சாக்கடை, கோடையில் ஆறு வறண்டு போவது ஆகிய எல்லாம் சேர்ந்து தாக்கின. ஏற்கெனவே நலிந்திருந்த மீனின் இடத்திலும் இரையிலும் வேற்று மீன் பங்குக்கு வந்தது. இரண்டும் கலந்து இனம் கெடக்கூடும் என்ற கவலையும் விஞ்ஞானிகளுக்கு உண்டு.

பர்கூர் மலையில் செம்மாடு வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மலையின் மேட்டுக்கும் மேய்ச்சலுக்கும் ஏற்ற மாடு அது. பால் கூடுதலாகக் கிடைக்கும் என்று கண்டபடி கலப்பினம் சேர்த்தால், சில தலைமுறையில் மந்தையில் மாடு இருக்கும். பர்கூர் மாடு இருக்காது. அந்த மலைக்குக் கீழே ஓடும் காவிரிக்கு உரிய மீனுக்கும் இதே கதிதான்.

நம் பக்கத்தில் எங்கே உள்ளது?

கூன்முதுகு மகசீர் இன்னும் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த இடங்கள் சிலவே. அவற்றுள் முக்கியமானது மாயாறு. நீலகிரியில் உற்பத்தியாகி, முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்கள் வழியே ஆழமான பள்ளத்தாக்கில் ஓடி, பவானிசாகர் அணையில் பவானியுடன் சேரும் ஆறு அது. காடும் பள்ளத்தாக்கும் இந்த மீனுக்கு அரணாக நின்றிருக்கின்றன.

காவிரியின் முதன்மை ஆற்றைப் பொறுத்தவரை, கர்நாடக எல்லை முதல் ஒகேனக்கல் பகுதி வரை கரையோரக் காடுகளுக்குப் பாதுகாப்புக் கூடியிருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தது. இது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் காட்டுக்கு எல்லைக்கல் நடலாம். ஆற்று நீருக்கு நட முடியாது. மேலே கலக்கும் நஞ்சும், கீழே அடைக்கும் வலையும் சரணாலயத்தைக் கேட்டு வருவதில்லை.

விவசாயிகள் செய்யக்கூடியவை

இந்த மீனால் நமக்கு நேரடியாக ஒரு ரூபாயும் வரப்போவதில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் மகசீர் வாழும் ஆறு என்றால், அங்கே நீர் ஓடுகிறது, நஞ்சு இல்லை, மணலும் மடுவும் இருக்கின்றன என்று பொருள். அந்த ஆற்றங்கரைக் கிணறுகளிலும் நீர் ஊறும். மீனுக்கு நல்லது எதுவோ அது பெரும்பாலும் நம் நிலத்துக்கும் நல்லது. கீழே சொல்பவை அதிகச் செலவு இல்லாதவை.

1. மடுவை வற்ற இறைக்காதீர்கள். கோடையில் ஆற்றோட்டம் நின்றபின், ஆழமான மடுக்களில்தான் தாய் மீன்கள் உயிர் பிழைத்திருக்கும். அந்த மடுவில் என்ஜின் வைத்துக் கடைசிச் சொட்டுவரை இறைத்தால், அடுத்த ஆண்டு முட்டையிட மீன் இராது. ஊரில் எந்த மடுவில் இறைப்பதில்லை என்று கரைக்காரர்கள் கூடிப் பேசி முடிவு செய்து கொள்ளலாம். ஒரு மடுவை விட்டாலும் பலன் உண்டு.

2. வெடி போடுவதைத் தடுங்கள். கிணறு வெட்டவும் பாறை உடைக்கவும் வாங்கும் தோட்டாதான் பல இடங்களில் ஆற்றுக்குள்ளும் போகிறது. வெடி ஒன்று விழுந்தால் மிதந்து வருபவை சில. அடியில் செத்து மூழ்குபவை பல. குஞ்சும் முட்டையும் சேர்ந்தே அழியும். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றம் என்கிறது. கிணற்று வேலைக்கு வாங்கிய வெடிமருந்து வேறு கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நிலக்காரரின் பொறுப்பு.

3. மருந்து தெளித்த கருவியை ஆற்றில் கழுவாதீர்கள். கைத்தெளிப்பான், மருந்து டப்பா, கலக்கிய வாளி ஆகியவற்றைக் கழுவிய நீரை வயலிலேயே, வாய்க்காலுக்கு எட்டாத தூரத்தில் ஊற்றுங்கள். கோடையில் நீர் குறைந்திருக்கும்போது சிறிதளவு பூச்சிமருந்தும் மீன் குஞ்சைக் கொல்லும். மீன் பிடிப்பதற்காக மடுவில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவோரைக் கண்டால் ஊரே சேர்ந்து தடுக்க வேண்டும். அதே நீரைத்தான் மாடும் குடிக்கிறது.

4. கரை மரங்களை வெட்டாதீர்கள். நீர்மருது, நாவல், அத்தி, புங்கன் முதலிய மரங்கள் கரையைப் பிடித்து நிற்பவை. வெள்ளத்தில் நிலம் அரிக்காமல் காப்பவை. அவற்றின் நிழலும் உதிரும் பழமும் மீனுக்கு. மரம் போன இடத்தில் கரை சரிந்தால் இழப்பு மீனுக்கு மட்டும் இல்லை. பட்டா நிலமும் ஆற்றோடு போகும்.

5. மணலும் கூழாங்கல்லும் ஆற்றில் இருக்கட்டும். முட்டையிடும் இடம் அதுதான். அதை அள்ளிய பின் எஞ்சும் சேற்றில் முட்டை மூச்சுத் திணறிக் கெட்டுவிடும். நிலத்தடி நீர் இறங்குவதும் அதனால்தான் என்பதை ஆற்றங்கரை விவசாயிகள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

பண்ணைக்குட்டை வைத்திருப்போர் கவனத்துக்கு

இப்போது பல விவசாயிகள் பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கிறார்கள். வரவேற்க வேண்டிய உபதொழில். ஆனால் எந்தக் குஞ்சு வாங்குகிறோம் என்பதில் கவனம் தேவை. ஜிலேபிக் கெண்டையை நினைத்துப் பாருங்கள். 1952-இல் வெளிநாட்டிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டு வரப்பட்டது. இன்று அது இல்லாத ஏரி, குளம் இல்லை. பிடித்து ஒழிக்கவும் முடியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியோ அதைவிட மோசம். மற்ற மீன்களையும் குஞ்சுகளையும் விழுங்கித் தீர்க்கும். அதை வளர்க்கக் கூடாது என்று மத்திய அரசு தடை விதித்துள்ளது. சீக்கிரம் எடை வரும் என்று யாராவது வண்டியில் கொண்டு வந்து விற்றால் வாங்க வேண்டாம்.

குஞ்சுகளை அரசு மீன் பண்ணையிலோ, மீன்வளத் துறை சொல்லும் இடத்திலோ வாங்குவது நல்லது. குட்டையின் வடிகால் வாயில் நெருக்கமான கம்பி வலை கட்டாயம் வேண்டும். மழைக்காலத்தில் நீர் நிரம்பி வழியும் அளவுக்குக் கரை தாழ்வாக இருந்தால் உயர்த்திக் கட்டுங்கள். குட்டையை வடிக்கும்போது நீரை வயலுக்குப் பாய்ச்சுங்கள். ஓடைக்குத் திறந்து விடாதீர்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்த அலங்கார மீனையும் பாவம் என்று ஆற்றில் விடக்கூடாது.

மகசீர் குஞ்சு எங்கோ கிடைக்கிறது, வாங்கி ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று நினைப்போரும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். காவிரியில் முன்பு நடந்த தவறு அதுதான். எந்த ஆற்றுக்கு எந்த இனம் என்று தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. நம் வேலை, இருக்கும் மீனுக்கு இடம் விடுவது.

முன்னோர் காட்டிய வழி

இடம் விடுவது நமக்குப் புதிதன்று. கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்தில் ராமநாதபுரம் என்ற ஊர் காவிரிக் கரையில் இருக்கிறது. அங்கே கோயில் படித்துறையில் உள்ள மகசீர்களை யாரும் பிடிப்பதில்லை. துங்கை நதிக்கரையில் சிருங்கேரியிலும் அப்படியே. பக்தர்கள் பொரி போடுவார்கள். மீன்கள் படிவரை வந்து தின்னும். காவலும் அபராதமும் வருவதற்கு முன்பே, 'இந்த மடுவில் பிடிக்கக்கூடாது' என்ற ஊர்க் கட்டுப்பாடு மீனைக் காத்து வந்திருக்கிறது.

காலிபோரே நோட்டுப் புத்தகத்திலும் ஒரு பாடம் உண்டு. அந்தப் பதிவு இல்லாமல் இருந்திருந்தால் ஒரு மீன் மறைந்து இன்னொரு மீன் அதன் இடத்துக்கு வந்ததை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆற்றங்கரை ஊர்ப் பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் தங்கள் ஆற்றில் என்னென்ன மீன் கிடைக்கிறது, எது குறைகிறது என்று ஆண்டுதோறும் எழுதி வைக்கலாம். வலை போடும் மீனவர்களைக் கேட்டாலே போதும். செம்மஞ்சள் துடுப்பும் கூன் முதுகுமாக ஒரு மீன் வலையில் சிக்கினால், அதை உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிட்டு, இடத்தையும் நாளையும் குறித்து வனத்துறைக்கோ மீன்வளத் துறைக்கோ தெரிவிப்பது பெரிய உதவி.

ஆடிப்பெருக்கு அன்று புதுவெள்ளத்தை வணங்கிக் காப்பரிசி வைக்கும் வழக்கம் காவிரிக் கரையில் இன்றும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் அந்தப் புதுவெள்ளத்தில்தான் இந்த மீனும் முட்டையிட மேலேறிப் போகும். அது போகும் வழியில் வெடியும் விஷமும் இல்லாமல், அது தங்கும் மடுவில் கோடைக்குச் சிறிது நீரும் விட்டு வைத்தால் போதும். கிழ மீன்கள் இன்னும் சில இருக்கின்றன. அவை இருக்கும்போதே குட்டிகள் வர வழி செய்ய வேண்டும். அவையும் போனபின் எந்தப் பண்ணையிலிருந்தும் காவிரிக்கு இதை வாங்கி வர முடியாது.